200 கோடி வசூல், ஆனாலும் 'படம் சரியில்லை': எதை நம்புவது?

பெரிய பட்ஜெட்டில் ஒரு ஹிந்திக் கொள்ளைக் காமெடி வெள்ளிக்கிழமை வெளியாகிறது. சனிக்கிழமை காலையிலேயே 'முதல் நாள் வசூல் சாதனை' என்று போஸ்டர் வந்துவிடும். அதே இரவு பம்பலப்பிட்டியிலோ கொள்ளுப்பிட்டியிலோ படம் பார்த்துவிட்டு இறங்கிவருகிறவர் 'சும்மா இழுவை' என்று தட்டிவிடுவார். திங்கட்கிழமை தயாரிப்பாளர் '100 கோடி' என்று கேக் வெட்டுவார். ஒரு விமர்சகர் இரண்டு நட்சத்திரம் கொடுத்திருப்பார், இன்னொருவர் நான்கு. யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் வாசகருக்குத் தோன்றும். பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதை விளக்க ஏற்ற உதாரணம் 2014 ஒக்டோபர் 24 அன்று தீபாவளியை ஒட்டி வெளியான 'ஹேப்பி நியூ இயர்'. ஃபரா கான் இயக்கம். ஷாருக்கான், தீபிகா படுகோன், அபிஷேக் பச்சன், போமன் இரானி, சோனு சூட் எனப் பெரிய கூட்டம். துபாயில் நடக்கும் உலக நடனப் போட்டியைச் சாட்டாக வைத்து, நடனமே தெரியாத ஒரு குழு வைரம் திருடப் போகிறது. தமிழிலும் தெலுங்கிலும் டப் செய்தும் விட்டார்கள். வசூலில் அந்த ஆண்டின் மிகப் பெரிய ஹிந்திப் படங்களில் ஒன்று. ஆனால் அபிஷேக்கின் தாயார் ஜெயா பச்சனே மும்பையில் ஓர் இலக்கிய விழா மேடையில், இது அர்த்தமே இல்லாத படம், மகன் நடித்ததால்தான் பார்த்தேன் என்கிற தோரணையில் பேசினார். வீட்டுக்குள்ளேயே அபிப்பிராயம் இரண்டாகப் பிளந்துபோன படம்.

முதலில், எந்தக் கோடி?

வசூல் என்று செய்தியில் வரும் எண் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. கிராஸ்: பார்வையாளர் டிக்கெட்டுக்குக் கொடுத்த முழுத்தொகை, வரி உட்பட.
2. நெட்: அதிலிருந்து வரியைக் கழித்தது. ஹிந்திப் பட வியாபாரத்தில் '100 கோடி கிளப்' என்பது வழக்கமாக இந்திய நெட்டைக் குறிக்கும்.
3. ஷேர்: நெட்டில் திரையரங்கின் பங்கு போக விநியோகஸ்தருக்கு வந்து சேர்வது.

ஒரே டிக்கெட்டில் இதைப் பார்க்கலாம். இந்தியாவில் 100 ரூபாவுக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 வீதம். பார்வையாளர் 236 இந்திய ரூபா கொடுத்தால் கிராஸ் 236, வரி 36, நெட் 200. (2017 ஜூலைக்கு முன்னர் கேளிக்கை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. ஆகவே 2014 படத்தின் கிராஸையும் இன்றைய படத்தின் கிராஸையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது.)

அந்த 200 ரூபாவில் விநியோகஸ்தருக்கு எவ்வளவு? 2009இல் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ்களுக்கும் இடையே நடந்த நீண்ட இழுபறிக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது: முதல் வாரம் 50 வீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன்பின் 30. அதாவது முதல் வெள்ளி விற்ற டிக்கெட்டில் 100 ரூபா, நான்காம் வாரம் விற்ற அதே விலை டிக்கெட்டில் 60 ரூபா. தனித் திரையரங்குகளின் கணக்கு வேறு.

இந்தப் படிக்கட்டுக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தயாரிப்பாளர் முதல் வாரத்துக்காக ஏன் இப்படிப் பாடுபடுகிறார், ஏன் ஊர் ஊராகப் போய் ஆடுகிறார், ஏன் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளைப் பிடிக்கிறார் என்பதற்கெல்லாம் இதில்தான் பதில். ரசித்த மக்கள் ஐந்து வாரம் ஓடவைத்த படத்தைவிட, முதல் ஏழு நாளில் அள்ளிக்கொண்ட படத்துக்கு, அதே நெட்டில், கைக்கு வரும் பணம் கூடுதல். ரசிகனின் திருப்தி தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்தில் கொஞ்சம் மலிவாகத்தான் போகிறது.

இன்னும் இரண்டு கலவைப் பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, இந்திய நெட்டையும் உலக கிராஸையும் ஒரே வாக்கியத்தில் ஒப்பிடுவது. 'ஹேப்பி நியூ இயர்' இந்திய நெட்டில் 203 கோடியளவு என்று அறிவிக்கப்பட்டது. உலக கிராஸில் 380 கோடிக்கு மேல். இரண்டும் ஒரே படம்தான். மற்றது நம்மூர்ப் பிழை: இந்திய ரூபாவை இலங்கை ரூபாவாக வாசிப்பது. 2014 ஒக்டோபரில் ஓர் இந்திய ரூபாவுக்கு ஏறத்தாழ 2.1 இலங்கை ரூபா. அண்மைய ஆண்டுகளில் மூன்றரை ரூபாவை ஒட்டி நிற்கிறது. பழைய படத்தின் 200 கோடியை இன்றைய மாற்றுவீதத்தில் பெருக்கி, '700 கோடி அள்ளிய படம்' என்று போடுவது கணக்கல்ல.

வட அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் திரையரங்கு வசூலை மூன்றாம் தரப்பு நிறுவனம் ஒன்று திரட்டி வெளியிடுகிறது. இந்தியாவில் எல்லாத் திரையையும் உள்ளடக்கிய அப்படியொரு பொதுவான ஏற்பாடு இல்லை. தயாரிப்பாளர் தருவது ஓர் எண், வர்த்தகத் தளங்கள் தருவது இன்னோர் எண். இரண்டுக்கும் இடையே பத்து வீத வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். நாளுக்கு நாள் எண் எப்படி ஏறி இறங்குகிறது என்ற போக்கை நம்பலாம். தனி எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

ஓப்பனிங் ரசனையைச் சொல்வதில்லை

முதல் நாள் டிக்கெட் வாங்கும் ஒருவரும் இன்னும் படம் பார்க்கவில்லை. எவ்வளவு வெளிப்படை! இருந்தும் எல்லோரும் மறந்துபோகும் விடயம் இதுதான். ஓப்பனிங் காட்டுவது நடிகரின் பெயர், பாட்டு, டிரெய்லர், விடுமுறை, திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றின் பலத்தை மட்டும். படம் பிடித்ததா என்பது பார்த்தவர் பார்க்காதவரிடம் பேசிய பிறகுதான் எண்ணில் தெரியும். அது ஞாயிறு பின்னேரம் தொடங்கி திங்கட்கிழமை முகத்தில் அடிக்கும்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஹேப்பி நியூ இயர்' முதல் நாள் மூன்று மொழியிலும் சேர்த்து சுமார் 45 கோடி நெட். முதல் மூன்று நாளில் 109 கோடியளவு. மொத்தம் 203 கோடியளவு. 2009 டிசம்பர் 25 அன்று வெளியான '3 இடியட்ஸ்' முதல் மூன்று நாளில் 40 கோடியளவு. மொத்தம் 202 கோடியளவு. கடைசி எண் கிட்டத்தட்ட ஒன்று. பாதை நேர் எதிர். முதலாவது தன் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் மூன்றே நாளில் எடுத்துவிட்டது. இரண்டாவது மூன்று நாளில் ஐந்தில் ஒரு பங்குதான் எடுத்தது; மீதியை வாய்வழிப் பேச்சு கொண்டுவந்தது.

மொத்த நெட்டை முதல் வாரயிறுதி நெட்டால் வகுத்தால் வரும் எண்தான் கவனிக்க வேண்டியது. 203ஐ 109ஆல் வகுத்தால் 1.9க்குச் சற்றுக் குறைவு. 202ஐ 40ஆல் வகுத்தால் 5. பொதுவாக இரண்டுக்குக் கீழே போனால் வந்தவர்கள் மற்றவர்களை அனுப்பவில்லை என்று பொருள். மூன்றைத் தாண்டினால் பேச்சு நன்றாக இருக்கிறது. இதில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும்: 2009க்கும் 2014க்கும் இடையில் டிஜிட்டல் திரையிடல் பரவி, ஒரே நாளில் பிடிக்கக்கூடிய திரைகள் பலமடங்காயின. டிக்கெட் விலையும் ஏறியது. முன்பு மூன்று வாரத்தில் பார்த்த கூட்டம் மூன்று நாளிலேயே பார்த்துவிட முடிந்தது. ஆகவே 1.9 என்பதை 'எல்லோரும் வெறுத்தார்கள்' என்று வாசிக்கக்கூடாது. 'பிடித்தது, ஆனால் அடுத்தவரை இழுத்துக்கொண்டு போகுமளவுக்கு இல்லை' என்று வாசிக்கலாம்.

திங்கட்கிழமை எண்ணை வெள்ளிக்கிழமையோடு ஒப்பிடுவது இன்னொரு சுருக்கு வழி. பாதிக்கு மேல் நின்றால் படம் தப்பும். மூன்றில் ஒன்றாக விழுந்தால் கதை முடிந்தது. ஆனால் தீபாவளிப் படத்துக்கு இந்தக் கணக்கு சறுக்கும். வட இந்தியாவில் தீபாவளி அன்று வீட்டில் பூசை, வாசலில் பட்டாசு. தியேட்டர் பக்கம் கூட்டம் குறைவு. அடுத்தடுத்த நாள்களில்தான் பொங்கும். 2014இல் தீபாவளி வியாழன் 23ஆம் திகதி. வெள்ளியும் சனியும் அந்தக் கொண்டாட்டத்தின் தொடர்ச்சி. அந்த வெள்ளியே ஊதிப்போன வெள்ளி என்பதால் திங்கட்கிழமை விழுந்தது பெரிதாகவே தெரியும். விடுமுறைப் படத்துக்கு இரண்டாவது வெள்ளிதான் சரியான தராசு.

கொள்ளைக் காமெடி ஏன் இப்படிப் பிளவுபடுத்துகிறது?

காதல் படமோ பழிவாங்கும் படமோ சராசரியாக இருந்தால் மக்கள் 'பரவாயில்லை' என்று விட்டுவிடுவார்கள். கொள்ளைக் காமெடிக்கு அந்த நடுவிடம் கிடைப்பது அரிது. அது ஒரே மூச்சில் இரண்டு எதிரெதிர் வாக்குகளைக் கொடுக்கிறது. கொள்ளைக் கதை 'கூர்ந்து பார், எல்லாம் பொருந்தும்' என்கிறது. காமெடி 'கண்டுகொள்ளாதே, சிரி' என்கிறது. எந்த வாக்கை நம்பி உள்ளே போனார் என்பதைப் பொறுத்து ஒரே காட்சியில் ஒருவர் சிரிப்பார், பக்கத்தில் இருப்பவர் நெளிவார்.

இது எந்த இடத்தில் உடைகிறது என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விடயம்.

1. திட்டத்தைச் சொல்லும் முறை. இந்த வகைப் படங்களுக்கு எழுதப்படாத ஒரு விதி உண்டு: திட்டத்தைப் பார்வையாளருக்கு முழுக்க விளக்கிவிட்டால் அது திரையில் பிசக வேண்டும், பிசகாமல் நடக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே விளக்கக்கூடாது. வரைபடத்தை விரித்து, யார் எந்த வாசலால் போவது, எத்தனை நிமிடத்தில் கமரா நிற்கும் என்று பத்து நிமிடம் சொல்லிவிட்டு, பிறகு அதே பத்து நிமிடத்தை அப்படியே நடத்திக்காட்டினால் பார்வையாளர் ஒரே காட்சியை இரண்டு முறை பார்க்கிறார். 'இழுவை' என்ற சொல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மறைத்துவைத்த துண்டைக் கடைசியில் திருப்பிக் காட்டும்போதும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் துண்டின் ஒரு நுனியாவது முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவே இல்லையென்றால் அது திருப்பம் இல்லை, அழுகுணி ஆட்டம்.

2. ஆட்களை அறிமுகப்படுத்தும் நேரம். குழுவில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு எட்டு நிமிடம் கொடுத்தாலே 48 நிமிடம். நட்சத்திரம் பெரியவர் என்றால் எட்டு நிமிடம் போதாது. பாட்டு வேண்டும், சண்டை வேண்டும். இடைவேளை வந்தும் கொள்ளை தொடங்கவில்லை என்ற முறைப்பாடு இந்தக் கணக்கின் விளைவு.

3. ஒரே பகிடியைச் சுமக்கும் பாத்திரம். 'ஹேப்பி நியூ இயர்' படத்தில் ஒருவருக்கு நினைத்த இடத்தில் வாந்தி, ஒருவருக்கு ஒரு காது கேளாது, ஆங்கிலம் பேசுகிறவரைக் கண்டால் நாயகிக்குக் கிறக்கம். முதல் தடவை அரங்கு சிரிக்கும். நான்காம் தடவை குழந்தைகள் மட்டும் சிரிக்கும். குடும்பத்தோடு போனவர் 'பிள்ளைகளுக்குப் பிடித்தது' என்று சொல்வதும், தனியாகப் போனவர் 'அறுவை' என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

4. 'லொஜிக் இல்லை' என்ற குற்றச்சாட்டு. காமெடியில் இதைச் சொல்கிறவர் உண்மையில் சொல்வது 'எனக்குச் சிரிப்பு வரவில்லை' என்பதைத்தான். சிரித்துக்கொண்டிருப்பவர் வைரப் பெட்டகத்தின் பூட்டை ஆராய்வதில்லை.

படத்தின் நீளம் ரசனையை மட்டுமல்ல, காட்சி எண்ணிக்கையையும் கடிக்கும். மூன்று மணித்தியாலப் படத்துக்கு இடைவேளை, விளம்பரம், கூட்டித்துடைப்பது எல்லாம் சேர்த்து மூன்றரை மணித்தியாலம் வேண்டும். காலை 10 மணிக்குத் தொடங்கினால் 1.30, 5.00, 8.30 என்று நான்கே காட்சி. இரண்டேகால் மணித்தியாலப் படத்துக்கு இரண்டேமுக்கால் போதும்: 10.00, 12.45, 3.30, 6.15, 9.00 என்று அதே திரையில் ஐந்து காட்சி. அந்த ஐந்தாவது காட்சியை இழப்பதைச் சரிக்கட்டத்தான் இன்னும் கூடுதலான திரைகளைப் பிடிக்கிறார்கள். கொழும்பில் 8.30 காட்சி நள்ளிரவில் முடியும். கொட்டாஞ்சேனைக்கோ தெஹிவளைக்கோ போக வேண்டியவர் முச்சக்கரவண்டிக் காசையும் டிக்கெட்டோடு கூட்டித்தான் படத்தை மதிப்பிடுவார். இது எந்த விமர்சனத்திலும் வராது.

கொழும்பில் அதே படம் ஏன் வேறு மாதிரித் தெரிகிறது?

கொழும்புத் திரைகளில் ஹிந்திப் படங்கள் பெரும்பாலும் மூல ஒலியில், ஆங்கில சப்டைட்டிலோடு ஓடுகின்றன. தமிழ் பேசும் பார்வையாளருக்கு நடிப்பு ஹிந்தியில், பொருள் ஆங்கிலத்தில், சிரிப்பு தமிழில். அதிரடிப் படத்துக்கு இது பெரிய தடையல்ல. காமெடிக்குத் தடை.

ஒரு சப்டைட்டில் வழக்கமாக இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்தை ஒட்டி. நொடிக்கு 15 முதல் 20 எழுத்துக்கு மேல் போனால் கண் தொடராது. வேகமாகப் பேசும் ஹிந்திக் காமெடிக் காட்சி இந்த வரம்பைத் தாண்டும். ஆகவே மொழிபெயர்ப்பவர் வெட்டுவார். வெட்டும்போது முதலில் போவது அடைமொழி, அசட்டு உறுதிமொழி, பாதியில் திரும்பும் வார்த்தை. அதாவது பகிடியின் சதை. இன்னொரு கோளாறு நேரம் பற்றியது. நடிகர் வாயைத் திறந்ததுமே முழு வாக்கியமும் கீழே வந்துவிடுகிறது. வேகமாக வாசிக்கிறவர், நடிகர் கடைசிச் சொல்லுக்கு வருமுன்னரே சிரித்துவிடுவார். ஹிந்தி தெரிந்தவர் அதற்குப் பிறகு சிரிப்பார். அரங்கில் சிரிப்பு இரண்டு தவணையாக, ஒவ்வொன்றும் அரைகுறையாக எழும். வாக்கியத்தை நடிகர் மூச்செடுக்கும் இடத்தில் இரண்டு சப்டைட்டிலாகப் பிரித்தால் இது சரியாகிவிடும். கவனமுள்ள சப்டைட்டில்காரர் அதைச் செய்வார். கடைசி வாரத்தில் அவசரமாக முடித்த கோப்பில் அது நடக்காது.

சப்டைட்டிலில் ஏறவே ஏறாதவையும் உண்டு. தீபிகாவின் பாத்திரம் மராத்தி கலந்த ஹிந்தி பேசுகிறது. போமன் இரானி ஒரு பார்ஸிக்காரர். இவர்கள் வாயைத் திறந்ததுமே மும்பைக்காரருக்குச் சிரிப்பு. நமக்கு அது வெறும் ஹிந்தி. கவுண்டமணி செந்திலைத் திட்டுவதை டெல்லிக்காரர் ஒருவர் ஆங்கில வரியில் வாசித்தால் எவ்வளவு மிஞ்சுமோ, இங்கே அவ்வளவுதான் மிஞ்சும். ஷாருக் தன் பழைய படங்களின் வசனத்தைத் தானே கேலி செய்யும் இடங்களுக்கும் இதே விதி, அந்தப் படங்களைப் பார்த்தவர் மட்டும் சிரிப்பார். மாறாக, பிரபுதேவா நடன ஆசிரியராகத் தலைகாட்டும்போது நம் பக்கம் விசில் கூடுதலாகவே கிடைக்கும்.

பாட்டுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கொழும்புக்கும் ஹிந்திப் பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது, இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவைதான் இந்திய நேயர்களுக்குத் தஞ்சமானது. அறிவிப்பாளர் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சி அதே ஆண்டு இலங்கை வானொலியில் தொடங்கியது. எந்தப் பாட்டு முதலிடம் என்பதை இசைத்தட்டு விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் வைத்துத் தீர்மானித்தார்கள். ஹிந்தி சினிமா ரசிகனின் மனதை வாராவாரம் எண்ணிச் சொன்ன முதல் பெரிய அளவுகோல் கொழும்பிலிருந்துதான் ஒலித்தது. அதில் ஓப்பனிங் என்ற பேச்சே இல்லை. பாட்டைக் கேட்டவர்தான் தட்டு வாங்கினார், கடிதம் போட்டார்.

நட்சத்திர மதிப்பெண்ணை வாசிப்பது

இணையத்தில் பத்துக்கு 5 என்று இருக்கும் படம் சராசரிப் படமாக இருக்க வேண்டியதில்லை. சராசரியைப் பார்க்காமல் வாக்குகளின் பரவலைப் பார்க்க வேண்டும். 5, 6, 7இல் வாக்குக் குவிந்திருந்தால் உண்மையிலேயே நடுத்தரம். 10இல் ஒரு குன்றும் 1இல் ஒரு குன்றும் இருந்தால் அது நடிகரின் ரசிகர்களும் எதிர்முகாமும் போட்ட சண்டை. அந்த இரண்டு குன்றையும் ஒதுக்கிவிட்டு 4 முதல் 8 வரை எங்கே உயரம் என்று பார்த்தால் பொதுப் பார்வையாளரின் தீர்ப்புக்கு அருகே வரலாம். ஐஎம்டிபி போன்ற தளங்கள் வெறும் சராசரியைக் காட்டாமல் சில வாக்குகளுக்கு நிறை கூட்டிக் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். முதல் இரண்டு நாளில் போட்ட மதிப்பெண்ணைப் புறக்கணிப்பது உத்தமம். முதல் காட்சி வாசலில் மைக்கை நீட்டி எடுக்கும் வீடியோவும் அப்படியே. விடியற்காலைக் காட்சிக்கு வந்தவரிடம் 'படம் எப்படி' என்று கேட்பது, கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தாயிடம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மாதிரித்தான்.

இங்கிருந்தே பார்த்துக்கொள்ளக் கூடியவை

இலங்கை வசூல் தனியாக அறிவிக்கப்படுவது அரிது. வெளிநாட்டு வசூலின் 'ஏனையவை' பட்டியலில் கரைந்துவிடும். ஆனால் கொழும்புத் திரையரங்குகளின் முன்பதிவுப் பக்கமே நல்ல சாட்சி. லிபர்ட்டி, மஜெஸ்டிக் சிட்டி, கொழும்பு சிட்டி சென்டர், வன் கோல்ஃபேஸ் என்று நான்கு இடத்தின் காட்சி அட்டவணையை முதல் வெள்ளி ஒருமுறையும் இரண்டாவது வெள்ளி ஒருமுறையும் குறித்துக்கொண்டால் போதும். காட்சி எண்ணிக்கையைவிட எந்த நேரம், எந்த அரங்கு என்பது முக்கியம். மாலை 7 மணிக் காட்சி இன்னொரு படத்துக்குப் போய், இது காலை 10.30க்குத் தள்ளப்பட்டிருந்தால் திரையரங்கு முகாமையாளர் தன் தீர்ப்பை எழுதிவிட்டார். பெரிய அரங்கிலிருந்து சிறிய அரங்குக்கு மாறினாலும் அதே தீர்ப்பு. காட்சி எண்ணிக்கை அப்படியே இருக்கும், இருக்கை பாதியாகியிருக்கும்.

இருக்கை வரைபடத்தில் சாம்பல் நிறத்தைக் கண்டு 'ஹவுஸ்ஃபுல்' என்று முடிவுகட்ட வேண்டாம். நிறுவனங்கள் மொத்தமாக எடுத்தவை, கவுண்டருக்கென்று ஒதுக்கியவை, அனுசரணையாளருக்குக் கொடுத்தவை எல்லாம் அதே சாம்பல்தான். காட்சி தொடங்க அரை மணித்தியாலம் இருக்கையில் திறந்து பாருங்கள். ஒதுக்கி வைத்தவை விடுவிக்கப்பட்டு மீண்டும் பச்சையாகும். அப்போதும் நடு வரிசைகளில் இடம் கிடக்கிறதென்றால், அதுவும் இரண்டாவது சனிக்கிழமை மாலையில் கிடக்கிறதென்றால், போஸ்டரில் எத்தனை கோடி இருந்தாலும் படத்தைப் பற்றி ஊர் பேசி முடித்தாயிற்று.